எரிமலைப் படங்களும் உடன் நின்றவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எரிமலைப் படங்களை வியக்கும் நாம், அவற்றை எடுத்தவர்கள் நின்ற இடத்தை எண்ணுவதில்லை. 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில், ஓடித் தப்ப முடியாத வேகத்தில் சரிவில் பாய்ந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் 43 பேரைக் கொன்றன. வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்ட பகுதிக்குள் படமெடுக்கக் காத்திருந்த செய்தியாளர்களுடன், அவர்களை அழைத்து வந்த வாடகைக் கார் ஓட்டுநர்களும், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்களும் மாண்டனர் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது ராபர்ட் லேண்ட்ஸ்பர்க் என்ற புகைப்படக் கலைஞர் தம் உடலாலேயே படச்சுருளைக் காத்து இறந்தார்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் அணைக்கரைப் பாலத்தில் கைபேசியுடன் எட்டிப் பார்க்கும் இளைஞர்களையும், அவர்களைத் தடுக்க ஓடிவரும் காவலர்களையும் காணும்போது, அந்த ஓட்டுநர்களே நினைவுக்கு வருகிறார்கள். இத்தகைய படங்களை வெளியிடுகையில், அவை எவ்வளவு தொலைவிலிருந்து, யார் துணையுடன் எடுக்கப்பட்டன என்பதையும் அச்சிட வேண்டுகிறேன்.

வாசகர்,
திருப்பனந்தாள்.