வங்கக் கடலுக்கு மேலே ஒரு பச்சை லேசர் பறக்கட்டும்

புவி அறிவியல் அமைச்சகத்துக்கும், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும்,

வணக்கம்.

2020 மே 16 அன்று புயலான ஆம்பன், 18ஆம் தேதி சூப்பர் புயலாகிவிட்டது. 1999 ஒடிசாப் புயலுக்குப் பிறகு வங்கக் கடலில் அப்படி ஒன்று அதுதான் முதல். புயல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதில் நம் ஆட்கள் ரொம்பவே தேறிவிட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் பலம் கூடும் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். அதற்குக் காரணங்கள் பல. கடலின் மேற்பகுதியில் இருக்கும் ஐம்பது, அறுபது மீட்டர் தண்ணீர் அதில் ஒன்று. இந்த மடல் அந்தத் தண்ணீரைப் பற்றி.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வடக்கு வங்கக் கடலில் ஓர் இலேசான அடுக்காக மேலேயே நிற்கிறது. பாலின் மேல் ஏடு மாதிரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த உப்பு குறைந்த தண்ணீர் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே நம் கரைவரை இறங்கி வருகிறது. மற்றக் கடல்களில் புயல் தண்ணீரைக் கலக்கிவிட்டால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். இங்கே அந்த அடுக்கு சுலபமாகக் கலக்க விடுவதில்லை. குளிர்காலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: மேல்தண்ணீர் குளிர்ந்திருக்கும், சில பத்து மீட்டர் கீழே அதைவிடச் சூடாக இருக்கும்.

செயற்கைக்கோளுக்கு இது தெரியாது. அகச்சிவப்புக் கருவி பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மேற்பரப்பை. உப்பை அளக்கும் ஸ்மோஸ், ஸ்மாப் கோள்கள் பார்ப்பது மேலே ஒரு சென்டிமீட்டர் அளவு, அதுவும் பல பத்து கிலோமீட்டருக்கு ஒரு சராசரி. ஆர்கோ என்ற தானியங்கி மிதவை ஆழம்வரை போய் அளக்கிறது, ஆனால் பொதுவாகப் பத்து நாளைக்கு ஒருமுறை. நீங்கள் நிறுத்தியிருக்கும் மிதவைகளின் தரவு அருமையானது. ஆனால் அவை நிற்கிற இடத்தை மட்டும்தான் சொல்லும்.

இந்த இடைவெளியில்தான் விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சும் யோசனை வருகிறது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி தண்ணீருக்குள் போகும்போது, அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நுண்ணிய ஒலி அலைகளில் பட்டுத் திரும்புகிறது. இது பிரில்லூவன் சிதறல். திரும்பிவரும் ஒளியின் அதிர்வெண் சுமார் 7.5 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். மொத்த அதிர்வெண்ணில் அது ஏறக்குறைய 75,000இல் ஒரு பங்கு. நகர்வைத் தீர்மானிப்பது தண்ணீரில் ஒலி போகும் வேகமும் ஒளிவிலகல் எண்ணும். அவற்றைத் தீர்மானிப்பது வெப்பமும் உப்பும். லேசரை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பினால், அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் தெரிந்துவிடும். பத்து நானோவினாடித் துடிப்பு என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு அளவு.

ராமன் சிதறலை வைத்தும் செய்யலாம், 1970களிலேயே முயன்றிருக்கிறார்கள். நம்மூர்க்காரர் பெயர் என்பதால் எனக்கும் அதன்மேல் ஒரு சாய்வு உண்டுதான். ஆனால் பச்சை லேசரின் ராமன் ஒளி 650 நானோமீட்டரில், சிவப்பாக வருகிறது. சிவப்பைத் தண்ணீர் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். பிரில்லூவன் ஒளி பச்சையாகவே திரும்புகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியே வாங்கி வந்து மாட்டிவிடலாமா என்றால், கூடாது. நம் கடலின் சூடான தண்ணீரில் ஒரு டிகிரி மாறினால் நகர்வு சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் மாறும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவு உப்பு மாறினாலோ சுமார் 6 மெகாஹெர்ட்ஸ். திறந்த பெருங்கடலில் உப்பு அதிகம் மாறாது. பழைய சராசரியைப் போட்டு வெப்பத்தைக் கணக்கிட்டால் பெரிய பிழை வராது. வங்கக் கடலின் தெற்குக்கும் வடக்குக்கும் நாலு கிராம் வித்தியாசம் சாதாரணம். சராசரியை நம்பினால் இரண்டு டிகிரிக்கு மேல் தப்பு வரும். அப்படிப்பட்ட எண்ணைப் புயலைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல்.

அதனால் என் கோரிக்கை கருவியைப் பற்றியது அல்ல, அதன் வடிவமைப்பைப் பற்றியது. நகர்வோடு சிதறல் கோட்டின் அகலத்தையும், அதாவது திரும்பும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும், அளக்கும் கருவியாகச் செய்யச் சொல்லுங்கள். அகலம் தண்ணீரின் பாகுத்தன்மையைப் பொறுத்தது, சூடு ஏறினால் குறையும். இரண்டு அளவு இருந்தால்தான் வெப்பம், உப்பு என்ற இரண்டையும் பிரிக்க முடியும். அகலத்தைத் துல்லியமாக அளப்பது கடினம், தெரியும். துணைக்கு அதே விமானத்தில் மேற்பரப்பு உப்பை அளக்கும் நுண்ணலைக் கருவி ஒன்றையும் ஏற்றலாம்.

முதலில் தொட்டி, அப்புறம் கப்பல், அதன் பிறகு விமானம். முதல் பறப்பு உங்கள் மிதவை ஒன்றின் மேலேயே, தண்ணீர் தெளிந்திருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கட்டும். ஆற்று முகத்துவாரக் கலங்கலில் எந்தப் பச்சை லேசரும் தோற்றுவிடும். அங்கே போய்ச் சோதித்துவிட்டு முறையே சரியில்லை என்று கோப்பை மூடிவிட வேண்டாம். லேசர், வடிகட்டி வேலைக்குத் திருப்பதி பக்கத்தில் காதங்கியில், லேசர் பாய்ச்சி வளிமண்டலத்தை அளக்கும் லிடார் கருவியோடு பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. விமானத்தின் கீழே படகுகள் இருக்கும். சத்தம் கேட்டால் யாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கற்றையைக் கண்ணுக்கு ஆபத்தில்லாத அளவுக்கு விரித்துவிடுவதும், பறக்கும் நாளை மீன்பிடித் துறைமுகங்களில் முன்கூட்டிச் சொல்வதும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சோதனைத் தரவை, மிதவையோடு ஒத்துப்போகாத நாட்களையும் சேர்த்து, ஓர் ஆண்டுக்குள் பொதுவில் வைத்துவிடுங்கள். என் வகுப்பிலேயே அதைப் பிரித்து மேயக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒளியியல் நடத்தும் ஒரு கல்லூரி ஆசிரியர்