விற்று வைத்திருப்பதாலேயே விலை இறங்கிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க முன்பேரச் சந்தையில் (பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி ஒப்பந்தம் செய்யும் சந்தை) யார் எவ்வளவு வாங்கியும் விற்றும் வைத்துள்ளனர் என்று சொல்லும் வாராந்திர அறிக்கையைக் காட்டி, 'பெரிய நிறுவனங்கள் வெள்ளியை விற்றுக் குவித்துள்ளதால் விலை சரியும்' என்று தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துபவர்கள் இத்தகைய வாக்கியங்களை நம்பி, கட்டி வெள்ளி வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த அறிக்கையில் பெருமளவு விற்பனை நிலையில் (வாங்கியதைவிட அதிக ஒப்பந்தங்களை விற்று வைத்த நிலை) இருப்போர் 'வணிகர்' பிரிவினர். அதாவது சுரங்கத்தார், சுத்திகரிப்பு ஆலையினர், வெள்ளியைக் கையிருப்பில் வைத்து விற்கும் நிறுவனங்கள், வங்கிகள். கிடங்கில் சரக்கு வைத்திருப்பவர், விலை இறங்கினால் தமக்கு வரும் நட்டத்தை ஈடுகட்டவே முன்பேர ஒப்பந்தத்தை விற்று வைக்கிறார். விலை ஏறினால் ஒப்பந்தத்தில் இழப்பதைச் சரக்கின் மதிப்பு திருப்பித் தந்துவிடும். இது காப்பு ஏற்பாடே அன்றி, விலை பற்றிய கணிப்பு அன்று. தவிரவும், வாங்கியவர் ஒருவர் இருந்தால் விற்றவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஏற்றத்தை எதிர்பார்த்து நிதி மேலாளர்கள் (பிறர் பணத்தை முதலீடு செய்பவர்கள்) வாங்கிக் குவிக்கும் வாரங்களில் வணிகர்களின் விற்பனை நிலை கூடுவது இயல்பே. 2009 முதல் வரும் விரிவான அறிக்கை, உற்பத்தியாளர், ஸ்வாப் டீலர் (வாடிக்கையாளருடன் விலை மாற்று ஒப்பந்தம் செய்யும் வங்கி போன்ற நிறுவனம்), நிதி மேலாளர் எனத் தனித்தனியாகவே கணக்குத் தருகிறது. கட்டுரையாளர் அதைப் பார்த்திருந்தால் எல்லோரையும் 'பெரிய நிறுவனங்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கியிருக்க மாட்டார்.

வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை நிலவரம்தான் வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை வெளியாகிறது. திங்களன்று படிப்பவர் கையில் இருப்பது ஆறு நாள் பழைய படம். நம் நாட்டுப் பண்டச் சந்தையான எம்.சி.எக்ஸ். ஒப்பந்தங்கள் அதில் இல்லை. ரூபாய் மதிப்பும் இறக்குமதி வரியும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளிக்கான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்த அன்று இங்கே விலை விழுந்ததை, அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தவரும் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை.

அறிக்கை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நிதி மேலாளர்கள் வழக்கத்தை மீறி ஒரே பக்கம் நெருக்கியடித்து நிற்கும்போது, சிறிய சரிவும் பெரிய விற்பனையாக மாறக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் கிடைக்கும். எந்த நாளில் என்பது கிடைக்காது.

இனி இத்தகைய கட்டுரைகளில் எந்தச் செவ்வாய்க்கிழமையின் கணக்கு, எந்தப் பிரிவினருடையது, இன்னும் முடிக்கப்படாத மொத்த நிலுவை ஒப்பந்தங்களில் அது எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.