ஸ்டுட்கார்ட்டிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன்னிடம் வேலை செய்கிற பையனிடம் எப்படிப் பேசுவது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க, அவங்களுக்கு எதுக்கு வெசனம் என்று விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் ஆனதும் முதல் தலைவலியே இதுதான்டா, கூட வேலை செய்கிறவனிடம் உன் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்பது.

உங்கள் பட்டறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாளி பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டே இருப்பார், ஒருநாள் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தனை பேர் முன்னால் சத்தம் போடுவார், மறுநாள் அந்தப் பையன் வேலைக்கே வர மாட்டான். எதற்குத் திட்டு வாங்கினோம் என்பது கடைசிவரை அவனுக்கே புரிந்திருக்காது.

போன குளிர்காலத்தில் நானும் ஒருவரிடம் இப்படிப் பேச வேண்டி வந்தது. அவருக்கு நம் அப்பா வயது இருக்கும், மெஷின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லக்கூடியவர். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம், 25 மில்லிமீட்டர், அதை மணிக்கு ஒரு தடவை மைக்ரோமீட்டரில் அளந்து தாளில் எழுத வேண்டும். அவர் தாளில் மேலிருந்து கீழ்வரை 25.008, 25.008, 25.008. இன்சர்ட், அதுதான் வெட்டுகிற முனை, தேயத் தேய வெளிவிட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகும் என்று உனக்குத் தெரியாததா, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்த மைக்ரான் கணக்கில் ஷிஃப்ட் முழுக்க ஒரே எண் எப்படி வரும்? பெட்டியிலிருந்து எடுத்து அளந்தால் சில துண்டுகள் 25.019, பேரிங் சரியாகப் பொருந்த 25.015-க்கு மேல் போகக்கூடாது.

தனி அறையில்தான் உட்கார்ந்தோம். தாளையும் ஷாஃப்டையும் மேஜைமேல் வைத்து, "எல்லா வரியிலும் ஒரே எண் இருக்கிறது, ஷாஃப்ட் வேறு அளவு காட்டுகிறது, அளக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம், தம்பி. "பரவாயில்லைங்க, இனிமே பாத்துக்கலாம்" என்று நமக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிடும். அதைச் சொல்லியிருந்தால் அவர் அடுத்துச் சொன்னதை நான் கேட்டிருக்கவே முடியாது. ஒரு ஆள் நின்றுவிட்டதிலிருந்து இரண்டு மெஷினையும் அவரே பார்க்கிறார், அளக்கப் போனால் அடுத்தது நின்றுவிடுகிறது, மேலே சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்காக அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது, அதையும் சொன்னேன். அளக்க முடியாத மணிக்கு வரியைக் காலியாக விடுங்கள், காலி வரி இருந்தால் உங்களுக்காக நான் மேலே போய்ச் சண்டை போட முடியும், பொய் எண் இருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். இரண்டாவது மெஷினுக்கு இப்போது வேறு ஆள் இருக்கிறார். அந்தப் பெரியவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, காலையில் தலையை ஆட்டுவதோடு சரி. இருக்கட்டும், தாளில் எண்கள் இப்போது நிஜம்.

அன்று அறையில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். இங்கே ஜெர்மனியில் பெட்ரீப்ஸ்ராட் என்று ஒரு குழு உண்டு, தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பது, ஐந்து பேர் நிரந்தரமாக வேலை செய்கிற இடத்திலேயே அமைக்கலாம். உன் வேலையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது அந்தக் குழுவில் ஒருவரை நீ துணைக்குக் கூட்டி வரலாம், உன்னைப் பற்றி ஃபைலில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம், உன் பக்க நியாயத்தை எழுதி அதிலேயே சேர்க்கச் சொல்லலாம். எல்லாம் 1972 சட்டத்திலேயே இருக்கிறது. வந்த புதிதில் இதெல்லாம் எதுக்கு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியத்தில்தான் அந்த மனுஷன் இரண்டு மெஷின் விஷயத்தையே வாய் திறந்தார்.

இங்கே இருக்கிற எல்லாவற்றையும் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து ஸ்வாபியர்கள், திட்டவில்லை என்றாலே பாராட்டியாச்சு என்று சொல்லிக்கொள்வார்கள், அப்படியே நடக்கவும் செய்வார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. நல்லா செய்தால் அன்றைக்கே நல்லா இருக்கு என்று சொல்லிவிடு, அதற்கு அறையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

உன் பட்டறைப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற நேரத்தில் பேசாதே, கூலியில் கை வைக்கப் போகிறார்கள் என்று பயந்துவிடுவான், அப்புறம் நீ சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. திங்கட்கிழமை டீ நேரத்துக்கு முன்னால் தனியாகக் கூப்பிடு. "நீ எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்காதே, எந்தத் துண்டு, எந்த நாள், என்ன ஆச்சு என்று அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசு. அவன் அண்ணனைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு வார்த்தை வரக்கூடாது. உங்களிடம் குழு எதுவும் இல்லை, அதனால் அவனுக்கு நம்பிக்கையான மேஸ்திரி யாராவது இருந்தால், கூட உட்காரட்டுமா என்று அவனையே கேள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திரு. அவன் வீட்டில் ஏதாவது பிரச்சினையாகக்கூட இருக்கலாம், ஒழுங்காக மெஷின் செட் பண்ணவே யாரும் சொல்லித் தராமலும் இருந்திருக்கலாம்.

பேசிவிட்டு என்ன சொன்னான் என்று எழுது, போனில் வேண்டாம். அப்பாவை மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லு.

அன்புடன்,
அக்கா