அந்தச் சிமிழில் இருப்பது

திருச்செங்கோடு
மாசி 9

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நான் சரியாகச் சொல்லவில்லை. "அந்தத் திருநீறு பழசாயிடுச்சு, சின்னவன் நாக்குல வைக்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். "திருநீறு எங்கியாச்சும் கெட்டுப் போகுமாப்பா?" என்று சிரித்தாய். பின்னால் சம்பந்தியம்மா சிரிப்பதும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாய் போல. அதனால்தான் காகிதத்தில் எழுதி, உன் ஆபீஸ் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்து படி. இதைப் படித்து முடிக்கும்வரை அந்தச் சிமிழைத் திறக்காதே.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மேல்வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. வேறு சேதி இருக்கிறது, எழுத மனசு ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் டிவியில் 'அம்மன்' படம் போட்டார்கள். சௌந்தர்யாவும் ரம்யா கிருஷ்ணனும் நடித்தது. தெலுங்கில் 'அம்மோரு' என்று 1995-இல் வந்தது, கோடி ராமகிருஷ்ணா எடுத்தது. நம் கொட்டகையில் அதை எத்தனை ஆட்டம் ஓட்டினேன் என்று உனக்கே தெரியும். எந்த ரீலில் பொம்பளைகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள், எந்த ரீலில் குழந்தைகள் வீறிட்டு அழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேபின் ஓட்டை வழியாக நான் படத்தைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது வேலை வெட்டி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் பெண்ணின் புருஷன் டாக்டர். அவனை அமெரிக்காவுக்குப் பிளேன் ஏற்றிவிட்ட பிறகுதான் மந்திரவாதிக்குக் கை நீளுகிறது. டாக்டர் வீட்டோடு இருந்தால் கதை நகராது போல.

எல்லாப் படமும் ஏறக்குறைய இப்படித்தான். 'யார்' முதல் 'உருவம்' வரை எத்தனை படப் பொட்டி வந்து போயிற்று. கண் மேலே செருகி, பல் கிட்டி, வாயில் நுரை தள்ளினால் சினிமாவில் பேய், இல்லாவிட்டால் செய்வினை. மூன்றாவது கிடையாது. ஒரு டாக்டர் வருவார், நாடி பிடிப்பார், கண்ணாடியைக் கழற்றி "மெடிக்கல் சயின்ஸுக்கே இது சவால்" என்பார், போய்விடுவார். அந்த ஒரு வசனத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். அப்புறம் உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து, சிரப் கொடுத்து, நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போனதாக ஒரு சீன் நான் ஓட்டியதில்லை. எப்படி வைப்பான்? வருஷக்கணக்கில் சிரப் குடிப்பதை எவன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்?

அம்மா தை மாதம் உன் வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள் அல்லவா? வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. போன வாரம் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஒரு சிரப்பு பாட்டில் பதினஞ்சு நாளும் ஒரே அளவுல இருக்குமா?" சின்னவனுடைய வலிப்பு மருந்தைத்தான் சொல்கிறாள். போன அன்றைக்கு லேபிளின் மேல் ஓரம் வரை இருந்ததாம். கிளம்பும்போதும் அதே ஓரம் வரை இருந்ததாம். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் சிரமம். அளவு தப்பாது.

உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. சின்னவன் அரைஞாண் கயிற்றில் செப்புத் தாயத்து எப்போது வந்தது என்று கேட்கவில்லை. ஒன்பது வெள்ளிக்கிழமை கார் வைத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள், அந்த ஆள் எவ்வளவு வாங்குகிறான் என்றும் கேட்கவில்லை. சிரப்பை நிறுத்தாதே, அவ்வளவுதான். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடப் பலமாக வரும் என்று டாக்டர் சொன்னதை எனக்கு எடுத்துச் சொன்னவளே நீதான். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவிக்கொத்தைக் கொடுக்காதே, மணியைப் பார், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. இத்தனையும் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பிரின்ட் எடுத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் "என் பொண்ணு எழுதினது" என்று காட்டுவேன். நம் சொந்தத்தில் முதலில் இன்ஜினியரிங் படித்த பெண் நீ. நம்மூர்ப் பக்கத்திலிருந்து ஜனங்கள் ராத்திரி பஸ் ஏறி வந்து நிமான்ஸ் நரம்பு ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய வரிசையில் நிற்கிறார்கள். பெங்களூரிலேயே குடியிருக்கிற நீ எதிர்த்திசையில் கார் பிடித்து... சரி, விடு. கேட்கவில்லை என்று சொன்னேன்.

நான் சாமி இல்லை என்கிற கட்சி இல்லை. பண்ணாரியில் மூன்று வருஷம் குண்டம் இறங்கியவன். தாயத்து பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கு 'சந்திரமுகி' பிடிக்கும். 2005-இல் அது ரிலீஸ் ஆனபோது நீ பிளஸ் ஒன் லீவில் இருந்தாய், நாலு தரம் பார்த்தாய். அதில் சாமியாரும் வருகிறார், மனநோய் டாக்டரும் வருகிறார். டாக்டர் போட்ட திட்டத்துக்குச் சாமியார் கூட நின்று வேலை செய்கிறார். மருந்தை நிறுத்து என்று சாமியார் சொல்லவில்லை. உங்கள் ஆள் என்ன சொன்னான்? சாமி மருந்தும் இங்கிலீஷ் மருந்தும் ஒத்துக்காது என்றானா? மாப்பிள்ளை அதை நம்பினார் என்றால்கூடப் போகட்டும், அவர் வளர்ந்த விதம் அப்படி. நீ எப்படி நம்பினாய் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். யோசித்து யோசித்து எங்கே வந்து நிற்கிறேன் தெரியுமா? என் மேலேயேதான்.

கேபினில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவள் நீ. கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தைப் பார்க்காதே, கண் போய்விடும் என்று முதுகில் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் பழைய சாமி படம் ஒன்றின் ரீலைச் சுற்றும்போது, அம்மன் மறைகிற இடத்தில் நிறுத்தி, ஃபிலிமைப் பல்புக்கு நேரே பிடித்துக் காட்டினேன். இந்தக் கட்டத்தில் ஆள் இருக்கிறது, அடுத்த கட்டத்தில் வெறும் தூண். செகண்டுக்கு 24 கட்டம் ஓடுவதால் கீழே இருக்கிறவர்களுக்கு அது மாயம். கேமராவை நிறுத்திவிட்டு நடிகையை நகரச் சொல்லியிருப்பார்கள் என்றேன். "அப்ப அம்மன் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாய். "டீ குடிக்கப் போயிருக்கும்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பால்கனிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு அப்போது ஆறு வயசு. அடுத்த வருஷம் நான் செய்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

1996 ஆடி மாதம். 'அம்மன்' பொட்டி நம் கொட்டகைக்கு வந்தது. பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே ஓடிக் களைத்த படம். முதல் இரண்டு நாள் கூட்டம் இல்லை. முதலாளிக்குப் பழைய கதை ஒன்று தெரியும்: 1975-இல் 'ஜெய் சந்தோஷி மா' என்ற ஹிந்திப் படம் ஓடியபோது ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தியேட்டருக்குள் போனார்களாம், திரையைப் பார்த்துக் காசும் பூவும் எறிந்தார்களாம். "நம்ம ஜனங்களுக்கு மட்டும் பக்தி இல்லையா?" என்றார். வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டினோம். கூழ் ஊற்றினோம். அப்போதும் தரை டிக்கெட் பாதிகூட நிரம்பவில்லை.

போட்டோ ஸ்டூடியோவில் எனக்குப் பழக்கமான ஒருத்தர் இருந்தார். வெளிறிப்போன நெகட்டிவைக் கருக்கவைக்க அவர் ஒரு பாதரச உப்பு வைத்திருப்பார். மெர்குரிக் குளோரைடு. தண்ணீரில் கரைத்து அலுமினியத்தில் தடவினால், கொஞ்ச நேரத்தில் சாம்பல் மாதிரி மேலே பூத்து வரும். துடைத்தால் மறுபடி பூக்கும். கொட்டகையில் மாட்டியிருந்த அம்மன் சாமிப் படத்துக்கு நான்தான் அலுமினியச் சட்டம் அடித்தேன். முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், கேபினுக்குப் போகிற சாக்கில், நான்தான் துணியில் தொட்டுத் தடவினேன். இன்டர்வெல்லில் வெளியே வந்த பொம்பளைகள் பார்த்தார்கள். கண்ணாடி ஓரத்தில் இருந்து திருநீறு உதிர்ந்து கீழே தட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி அங்கேயே சாமி வந்து ஆடினாள். மறுநாள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

உனக்கு டைபாய்டு வந்தது அந்த வாரம்தான். அரசாஸ்பத்திரியில் சேர்த்து அஞ்சு நாள் ஊசி போட்டாயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் அம்மா, யாருக்கும் சொல்லாமல், உன்னைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டாள். நான் கேபின் படிக்கட்டில் நின்றேன். அவள் தட்டில் இருந்து எடுத்து உன் நெற்றி நிறையப் பூசினாள். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். நீ முகத்தைச் சுளித்தாய். எட்டே படி. இறங்கி வந்து "வேண்டாம் புள்ள" என்று கையைத் தட்டிவிட்டிருக்கலாம். சுற்றிலும் கூட்டம் நின்றது, முதலாளி நின்றார். நான் இறங்கவில்லை. மேலே போய் ரீலை மாட்டினேன்.

விடிகாலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. டைபாய்டுக்கு மருந்து ஆரம்பித்துச் சில நாள் கழித்துத்தான் இறங்கும் என்று நர்ஸம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அது எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. முதலாளி ஆட்டோவில் மைக் கட்டி "ஆபரேட்டர் மகளைக் காப்பாற்றிய அம்மன்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்று வாரம் ஓடியது. எனக்கு 500 ரூபாய் கொடுத்தார். உன் வெள்ளிக் கொலுசு அந்தப் பணத்தில் வாங்கியது.

சிமிழில் நீ வைத்திருப்பது அந்தத் தட்டில் இருந்து எடுத்ததுதான். கல்யாணத்தன்று நகைப் பெட்டியோடு நீ அதையும் எடுத்து வைத்தபோது நான் பந்தக்கால் பக்கம் நகர்ந்து போய்விட்டேன். சும்மா ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி சின்னவன் தூங்கும் முன்னால் நெற்றியில் வைத்து, நாக்கிலும் தொட்டு வைக்கிறாய் என்று அம்மா பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது மாட்டுச் சாணத்தில் சுட்ட திருநீறு இல்லை கண்ணு. அலுமினியத் துருவும் பாதரசமும். பாதரசம் விஷம். குழந்தையின் மூளைக்கு ஆகாது. என் விரல் நகம் ஒரு வருஷம் கறுத்துக் கிடந்தது.

பல வருஷம் கழித்து, கோயம்புத்தூர் பகுத்தறிவாளர் பிரேமானந்த், சாமியார்கள் செய்கிற இந்த மாதிரி வேலைகளை எல்லாம் மேடையில் செய்து காட்டுகிறார் என்று பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீ காலேஜில் இருந்தாய். பரீட்சைக்கு அந்தச் சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு போவாய், நல்ல மார்க் வாங்குவாய். எப்படிச் சொல்வது?

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சிமிழைத் திறக்காதே, கொட்டாதே, கழுவாதே. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் வை. இன்றைக்கே அவனுடைய டாக்டரிடம் இதைச் சொல். திருநீறு என்று சொல்லாதே, மெர்குரி கலந்தது, எத்தனை நாளாகக் கொடுத்தேன் என்று சொல். அப்பா பண்ணினார் என்றே சொல், வெட்கப்படாதே. சிரப் எத்தனை நாளாகக் கொடுக்கவில்லை என்பதையும் சொல். நீயாக முழு அளவும் ஆரம்பிக்காதே, அவர் சொல்கிற அளவில் ஆரம்பி. மருந்தை நிறுத்தாதே, கண்ணு. உன்னைக் காப்பாற்றியது அந்த ஊசிதான்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலை ஈரோட்டில் ரயில் ஏறுகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. நீ கூப்பிட வர வேண்டாம், மெட்ரோ பிடித்து வந்துவிடுவேன். சின்னவனிடம் அப்புச்சி வருகிறேன் என்று சொல். சம்பந்தியம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் நானே உட்கார்ந்து சொல்கிறேன், நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கொட்டகையை இடித்தபோது அந்தப் படத்தை அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். அலுமினியச் சட்டத்தைக் கழற்றிவிட்டு நான் மரச் சட்டம் போட்டேன். ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் அதன் முன்னால் மாவிளக்கு வைக்கிறாள். உன் பெயர் சொல்லித்தான் வைக்கிறாள். ரயில் ஏறும் முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். பக்கத்து அறையில் இப்போது விளக்குத் துலக்கிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா