கறுப்புப் பெட்டியைச் சுமந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் பரணிலிருந்து அந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மூடியில் வெள்ளை பெயிண்டில் என் பெயர், ஓரத்தில் கிழிந்தும் கிழியாமலும் பழைய பார்சல் சீட்டுகள். உள்ளே சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள், மல்டிமீட்டர், ஆர்டுயினோ என்ற சின்னப் புரோகிராம் போர்டுகள், செத்துப்போன மூன்று ரேடியோக்கள். கடற்படையில் இருந்த 15 வருடமும் யூனிஃபார்முக்கு ஒரு பெட்டி, இந்த எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குக்கு ஒரு பெட்டி என்றுதான் ஊர் மாறினேன். மும்பை மாங்குர்டில் இருக்கும் கடற்படை அலுவலகத்திலிருந்து மாற்றல் ஆர்டர் வந்த ஒவ்வொரு முறையும் இதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். எறியாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள்தான். கணக்குப் பார்த்தால் நான் சுமந்ததைவிட நீங்கள் சுமந்ததே அதிகம்.

நான் சாத்தூர்க்காரன். வைப்பாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் போகும் ஊர். அங்கிருந்து 2006இல் ஒடிசாவின் சில்கா, பயிற்சி முடிந்ததும் ஜாம்நகரில் ஐஎன்எஸ் வல்சுரா. கடற்படையின் மின்சாரப் பள்ளி அது. அங்கே பாடம் எடுத்த மாஸ்டர் சீஃப் சாருக்கு முதல் நன்றி. அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, மெழுகு சொட்டுவதுபோல் சொட்டவிட்டுக்கொண்டிருந்தேன். "ஜாயின்ட்டைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடி வரும்" என்றீர்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சொந்த டிரான்சிஸ்டரைக் கையில் கொடுத்து, பிரித்துப் பார் என்றீர்கள். பிரித்தேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. மேலே சொன்ன மூன்றில் ஒன்று உங்களுடையது சார்.

விசாகப்பட்டினம் மல்காபுரத்தில் எங்களுக்கு மாடி வீட்டை வாடகைக்கு விட்ட குடும்பத்துக்கு என்ன சொல்வது! கடற்படைக்காரன் என்றதும் வீடு கொடுத்தீர்கள். இரண்டாவது மாதமே மாடிப்படிச் சுவரில் ஒயர்களோடு ஒரு டப்பாவைத் தொங்கவிட்டேன். வெடிகுண்டா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "தம்பி காற்றை நிறுத்துப் பார்க்கிறார்" என்று பாட்டியம்மா சொன்ன விளக்கத்தைவிட நல்லது இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அது காற்றழுத்தமானி. அழுத்தத்தை அளக்கும் பிஎம்பி 180 சென்சார், இரண்டு வரி டிஸ்ப்ளே, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தை எழுதிவைக்க எஸ்டி கார்டு, கரண்ட் போனால் ஓட பழைய யுபிஎஸ் பேட்டரி.

2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் வந்தது. புயலுக்கு முன் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விடும்; கட்டிப்போட்ட கப்பலைத்தான் புயல் சுவரில் மோதி உடைக்கும். நாங்களும் போய்விட்டோம். மனைவி பிரசவத்துக்குச் சாத்தூரில். வீடு பூட்டிக் கிடந்தது. 12ஆம் தேதி மதியம் புயலின் கண், அதாவது காற்று அடங்கிக் கிடக்கும் அதன் நடுப்பகுதி, விசாகப்பட்டினம் மேலேயே கரை கடந்தது.

திரும்பி வந்தபோது தெருவில் ஒரு மரம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. என் எஸ்டி கார்டில் ஒன்றும் இல்லை. புயல் அதற்குப் பொறுப்பில்லை, என் புரோகிராமில்தான் பிழை. நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது உங்கள் வீட்டுச் சின்னவள் வந்து ஒரு ரஃப் நோட்டை நீட்டினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. விடிகாலையிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படியேறி, டிஸ்ப்ளேயில் தெரிந்த எண்ணை எழுதியிருக்கிறாள். எண் இறங்கிக்கொண்டே வருகிறது. பக்கத்திலேயே குறிப்புகள்: காற்று வடக்கிலிருந்து, வடக்கு ஜன்னல் போச்சு, பாட்டி திட்டுகிறாள். நடுவில் ஒரு இடத்தில் தெலுங்கில் 'காலி ஆகிந்தி' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் டப்பாதான் காலி என்று நினைத்தேன். தெலுங்கில் காலி என்றால் காற்று, காற்று நின்றுவிட்டதாம். புயலின் கண்ணுக்குள் நின்றுகொண்டு எழுதியிருக்கிறாள்! பிறகு எண் ஏறத் தொடங்குகிறது. காற்று தெற்கிலிருந்து, தெற்கு ஜன்னலும் போச்சு. பேட்டரி தீரும் வரை எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டு அவளிடமே இருப்பதுதான் நியாயம். பதிலுக்கு நான் கொடுத்தது இரண்டு கிலோ சாத்தூர் சேவு.

கொச்சி பள்ளிமுக்கில் கடை வைத்திருக்கும் சேட்டனுக்கும் ஒரு பாக்கி உண்டு. மாதக் கடைசியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக நின்ற என்னிடம், "கப்பல் போயிட்டு வந்து தந்தால் மதி" (போதும்) என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள். முகவரி கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. பணத்தை நான் தந்துவிட்டேன், ஆனால் அந்த வார்த்தையைத் திருப்பித் தர முடியவில்லை.

அதற்கப்புறம் விஜயநாராயணம். திருநெல்வேலி மாவட்டம், வீட்டுக்குப் பக்கம். அங்கே கடற்படைத் தளத்தில் என்ன வேலை என்று சொல்லப்போவதில்லை; 471 மீட்டர் உயரக் கோபுரங்கள் பஸ்ஸிலிருந்தே தெரியும், அது போதும். பெட்டி அந்த இரண்டு வருடமும் சாத்தூரில் அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்தது. கொசு மருந்து அடிக்கும்போதெல்லாம் சாக்கு போட்டு மூடிவைத்த அப்பாவுக்கு நன்றி.

இனி வீட்டம்மா. கடற்காற்றில் உப்பு உண்டு. ஆறே மாதத்தில் போர்டின் கால்களில் பச்சை பூக்கும். ஜாயின்ட்டுகளின் மேல் நெயில் பாலிஷ் பூசினால் தாங்கும் என்று யாரோ சொல்ல, உன் பாட்டில் ஒன்றைக் கேட்காமல் எடுத்தேன். சென்சாரின் சின்ன ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாம் சிவப்பாக இருந்த போர்டைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை நீயே இரண்டு பாட்டில் வாங்கினாய், எனக்கு மலிவு ரகம். நான் கடற்படையில் பெட்டி ஆபீசர் (Petty Officer) பதவிக்கு உயர்ந்த அன்று, "இப்பதான் சரியான பதவி கொடுத்திருக்காங்க" என்று நீ சொன்னதை நம் குடும்பத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

கடைசியாக மும்பை. 2021 மே 17, டவ்தே புயல். எனக்குப் பணி முடிய சில வாரங்களே இருந்தன. பழைய டப்பாவை வெளியே எடுக்க மனம் வரவில்லை. மும்பைக்கு அப்பால் கடலில், எண்ணெய் வயல் ஊழியர்கள் தங்கியிருந்த பி 305 என்ற பார்ஜ் மூழ்கிக்கொண்டிருந்தது. கடற்படைக் கப்பல்கள் அந்த அலையில் 180க்கும் மேற்பட்டவர்களை மீட்டன, பலரை மீட்க முடியவில்லை. அதற்கு நடுவில் காற்றை நிறுத்துப் பார்ப்பது விளையாட்டுத்தனமாகத் தோன்றியது. அப்போது போனில் ஒரு செய்தி. மல்காபுரத்துச் சின்னவள், அப்போது இன்ஜினியரிங் மாணவி.

"அங்கிள், ரீடிங் எடுக்கிறீர்களா? கார்டை நம்பாதீர்கள். நோட்டில் எழுதுங்கள்."

பெட்டியைத் திறந்தேன்.

இப்படிக்கு,
சாத்தூரிலிருந்து,
உங்கள் பெட்டி ஆபீசர் (ஓய்வு)