டார்செட்டுக்குப் போர் வந்தது வரிவசூலாக

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரை, மன்னர் முதலாம் சார்லஸ் பக்கம் பிரபுக்கள், நாடாளுமன்றத்தின் பக்கம் வணிகரும் குடியானவரும் என்று இரண்டு அணிகளைப் பிரித்து வைத்துவிட்டுப் போர்க்களங்களுக்குப் போய்விடுகிறது. ஒரே ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) எடுத்து உள்ளே நுழைந்து பார்த்தாலும் இந்தப் பிரிவினை நிற்காது. தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள டார்செட்டை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பெரிய களச்சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனாலும் 1642 முதல் 1646 வரை அந்தக் கவுண்டியில் நிம்மதியாகத் தூங்கிய ஊர் மிகக் குறைவு.

முதலில் பெருநிலக்காரர்கள். ஷெர்போர்ன் கோட்டையின் டிக்பி குடும்பமும் அபட்ஸ்பரியின் சர் ஜான் ஸ்ட்ராங்வேஸும் மன்னர் பக்கம். சர் வால்டர் எர்ல் நாடாளுமன்றப் பக்கம். இவர்கள் எல்லாருமே ஒரே நீதிமன்ற அமர்வுகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த வர்க்கம். வயதில் இளையவரான சர் ஆண்டனி ஆஷ்லி கூப்பர் மன்னருக்காகப் படை திரட்டியவர்; 1644 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் பக்கம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஸ்ட்ராங்வேஸின் அபட்ஸ்பரி மாளிகையைத் தாக்கித் தீவைத்தது அவருடைய படைதான். உள்ளே இருந்த வெடிமருந்து பற்றிக்கொண்டு மாளிகை சிதறியது. பக்கத்தில் இருக்கும் தேவாலயத்தின் பிரசங்க மேடையில் அன்றைய குண்டுத் துளைகள் இரண்டு இன்றும் இருக்கின்றன. நகரங்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. டார்செஸ்டர், பூல், லைம் ஆகியவை பியூரிட்டன் நகரங்கள், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள் ஓங்கியிருந்த, நாடாளுமன்றப் பக்கம் நின்ற நகரங்கள். ஷெர்போர்ன் மன்னர் பக்கம் நின்ற ஊர்.

ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதைவிட, யாருடைய நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கட்டுரையாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குடியானவருக்குப் போர் மூன்று வழியாக வந்தது. ஒன்று, 1643 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கொண்டுவந்த வாரவரி. கவுண்டிக்கு இவ்வளவு என்று மேலே ஒரு தொகையைக் குறித்துவிடுவார்கள். அது வட்டாரம், ஊர் என்று பிரிந்து இறங்கி, கடைசியில் ஊர்க் கான்ஸ்டபிள் கையில் நிற்கும். அந்தக் கான்ஸ்டபிள் வெளியூர்க்காரர் அல்ல. அதே ஊரில் ஏர் ஓட்டும் விவசாயி. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டைப் பிடிக்க வேண்டியவர் அவர். பிடிக்காவிட்டால் அவர் தலைதான் உருளும். மன்னர் படையும் தன் கோட்டைகளுக்காக இதேபோல் 'கொடை' என்ற பெயரில் வசூல் செய்தது. இரண்டு கோட்டைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட ஊர் இரண்டு பேருக்கும் கட்டியது. இரண்டு, 1643 ஜூலையில் வந்த கலால் வரி. பீர், ஆப்பிள் மது என்று தொடங்கி அடுத்த ஆண்டு இறைச்சிக்கும் உப்புக்கும் நீண்டது. ஏழையின் பானைக்குள் கைவைத்த வரி என்பதால் கலவரங்கள் கிளம்பி, 1647இல் இறைச்சி, உப்பு மீதான வரியை விலக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது, இருப்பதிலேயே மோசமானது: படைவீரர்களை வீட்டில் தங்கவைப்பது. சிப்பாய்க்குச் சம்பளம் வராதபோது வீட்டுக்காரர் சோறு போட்டு, குதிரைக்குப் புல்லும் ஓட்ஸும் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் வந்ததும் அந்தச் சீட்டுக்கு ஈடு கிடைக்கும் என்பது பேச்சு. பெரும்பாலான சீட்டுகள் பணமாக மாறவே இல்லை. படை ஊரைவிட்டுக் கிளம்பும்போது குதிரையையும் ஓட்டிக்கொண்டு போனால் அடுத்த உழவு போச்சு. உழவு போனால் குத்தகை கட்ட வழியில்லை. கொள்ளை என்று நாம் படிக்கும் சொல்லுக்குள் இத்தனை கண்ணிகள் இருக்கின்றன.

நிலக்காரருக்கு வேறு கணக்கு. 1643 மார்ச்சில் வந்த அவசரச் சட்டப்படி, மன்னருக்கு உதவியவர்களின் சொத்தை, நாடாளுமன்றம் அந்தந்தக் கவுண்டியில் அமைத்த கவுண்டிக் குழு முடக்கலாம். முடக்கினால் குத்தகைப் பணத்தைக் குழுவின் வசூல்காரர் வாங்கிக்கொள்வார். மனைவி மக்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு விடலாம். முடக்கத்தை நீக்க ஒரு வழி இருந்தது: லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் இருந்த குழுவின் முன் போய் நிற்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு எதிராக இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்து, தன் நிலம், வருமானம், கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். நிலத்தின் மதிப்பை ஆண்டு வருமானத்தின் இருபது மடங்காகக் கணக்கிட்டு, குற்றத்தின் அளவைப் பொறுத்துப் பத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, பாதி என்று அபராதம் போடுவார்கள். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானமுள்ள நிலத்தின் மதிப்பு 2,000 பவுண்டு. பத்தில் ஒன்று என்றால் 200 பவுண்டு, அதாவது இரண்டு ஆண்டு வருமானம். அபராதத் தொகையில் பாதியைக் கட்டினால் முடக்கம் தளரும். மீதிக்கு உறுதிப் பத்திரம். சரணடையும்போதே நல்ல ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் குறைந்த விகிதத்தில் தப்பினார்கள்.

இதில் சிக்கல் எங்கே வரும் என்றால், பட்டியலில்தான். ஒரு வயலை மறைத்து, யாராவது துப்புக் கொடுத்துவிட்டால் மறுபடி முடக்கம். போர்க்காலத்தில் குத்தகை வராமல் நிலத்தை அடமானம் வைத்தவர்கள் ரொக்கத்துக்குத் திண்டாடினார்கள். மரத்தை வெட்டி விற்றார்கள். கடைக்கோடி வயல்களை விற்றார்கள். ஆஷ்லி கூப்பருக்கு 500 பவுண்டு அபராதம். ஸ்ட்ராங்வேஸுக்கு 10,000 பவுண்டு. சுமை கடுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது தொகை குறிக்கப்பட்ட, கட்டி முடித்தால் நிலம் திரும்பி வரும் சுமை. பெரும்பாலான குடும்பங்கள் மன்னராட்சி திரும்பிய 1660க்குப் பிறகும் அதே நிலத்தில்தான் இருந்தன. முடக்கத்தின்போது நடுவில் நின்ற குத்தகைக்காரரின் நிலைமையைப் பாருங்கள்: பணத்தைக் குழுவிடம் கொடுத்தால் மன்னரின் குதிரைப்படை வந்து மறுபடி கேட்கும். அவருக்கு மனுக் கொடுக்க எந்த மண்டபமும் இல்லை.

பேங்க்ஸ் குடும்பத்தின் கார்ஃப் கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரை அதை வெறும் வீரக் கதையாகக் காட்டுகிறது. வீரம் உண்மைதான். 1643 கோடையில் கணவர், தலைமை நீதிபதி சர் ஜான் பேங்க்ஸ், மன்னருடன் இருக்க, மேரி பேங்க்ஸ் அம்மையார் ஆறு வாரம் முற்றுகையைத் தாங்கினார். கடைசித் தாக்குதலில் அவரும் மகள்களும் பணிப்பெண்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீரர்களும் மேல்கோட்டையில் நின்று, ஏணியில் ஏறியவர்கள்மேல் கல்லையும் தணலையும் கொட்டினார்கள். முற்றுகையிட்ட சர் வால்டர் எர்ல் அதைக் கைவிட்டார். 1646 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது உள்ளிருந்தவரின் துரோகத்தால்: பிட்மன் என்ற அதிகாரி உதவிப் படை என்று சொல்லி எதிரிகளை உள்ளே அழைத்து வந்தார். பிறகு நாடாளுமன்றம் கோட்டையைத் தகர்க்க உத்தரவிட்டது. அடித்தளத்தைத் தோண்டி வெடிமருந்து வைத்துச் சாய்த்தார்கள். அந்தக் கல் ஊருக்குள் வீடுகளில் போய்ச் சேர்ந்தது. மன்னராட்சி திரும்பியதும் மகன் ரால்ஃப் 1660களில் கிங்ஸ்டன் லேசியில் புது மாளிகை கட்டிக்கொண்டார். கோட்டையை இழந்த குடும்பம் இருபது ஆண்டுக்குள் மாளிகை எழுப்ப முடிந்தது.

பெமின்ஸ்டர் ஊரை இதோடு பக்கத்தில் வையுங்கள். 1644 ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு. மன்னரின் மருமகன்முறை உறவினரும் படைத்தலைவருமான இளவரசர் மாரிஸின் படை அங்கே தங்கியிருந்தது. படைக்குள்ளேயே சண்டை மூண்டு, தீ பற்றியது. வைக்கோல் கூரை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ நேரமே ஆகாது. எரிந்தவை 144 வீடுகள். எதிரி அங்கே வரவேயில்லை. வீட்டில் தங்கி அந்த ஊரின் சோற்றைத் தின்ற படைதான் கொளுத்தியது. அதே படை அடுத்து லைம் நகரை ஏப்ரல் 20 முதல் ஜூன் நடுப்பகுதி வரை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. கடல்வழி திறந்திருந்தது; நாடாளுமன்றக் கப்பல்கள் உணவும் மருந்தும் இறக்கின; ஊர்ப் பெண்களும் காவலில் தோள் கொடுத்தார்கள். ஊர் என்ற முறையில் குரல் எழுப்பினால் முடக்கிய சொத்துகளிலிருந்து ஏதாவது உதவி பெற வாய்ப்பு உண்டு. தனியொரு குடியானவருக்கு அது இல்லை.

அதனால்தான் 1645இல் தடிக்காரர்கள் (Clubmen), அதாவது இரண்டு படைகளின் கொள்ளையிலிருந்தும் ஊரைக் காக்கத் திரண்ட கிராமத்து மக்கள், கிளம்பினார்கள். கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகவும் வருத்தம். மே 25 அன்று பேட்பரி ரிங்ஸ் என்ற பழங்கால மண்கோட்டையில் டார்செட், வில்ட்ஷையர் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடித் தீர்மானம் போட்டார்கள். ஊர்தோறும் காவல், ஆபத்து என்றால் மணியடித்துக் கூடுவது, கொள்ளையடித்த சிப்பாயைப் பிடித்து அவன் பக்கத்துப் படைத்தலைவரிடமே ஒப்படைப்பது, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சமாதானம் கேட்டு மனு. அடையாளம் வெள்ளை நாடா. கொள்ளையடிக்கவோ எங்கள் மாட்டைப் பிடிக்கவோ வந்தால் சண்டை நிச்சயம் என்று கொடியில் எழுதிக்கொண்டார்கள். மேட்டுச் சுண்ணாம்பு நிலத்தவர் மன்னர் பக்கமும் வடக்கு சாமர்செட் பக்கத்தவர் நாடாளுமன்றப் பக்கமும் சாய்ந்தார்கள் என்ற ஆய்வுவாதம் கவனிக்கத் தக்கது. ஆனால் சாய்வு இருந்ததால் நடுநிலை வேடம் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. அருகில் எந்தப் படை அதிகம் சூறையாடியதோ அதை அதிகம் வெறுத்தார்கள். அதில் வேடம் எங்கே?

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஷாஃப்ட்ஸ்பரியில் அவர்கள் தலைவர்கள் பிடிபட்டனர். 4ஆம் தேதி ஹேம்பிள்டன் மலையில் திரண்டவர்களை நாடாளுமன்றப் படைத்தலைவர் குரோம்வெல்லின் குதிரைப்படை கலைத்தது. சுமார் 300 பேரைப் பிடித்து அடிவாரத்து ஷ்ராட்டன் தேவாலயத்தில் இரவு முழுதும் அடைத்தார்கள். ஒரு டஜன் பேர்கூடச் சாகவில்லை என்று நம்புவதாகவும், வெட்டுப்பட்டவர்கள் ஏராளம் என்றும் குரோம்வெல் எழுதினார். பிடிபட்டவர்களில் பலரைப் பரிதாபமான பேதை ஜீவன்கள் என்று குறிப்பிட்டு, வீட்டுக்கு அனுப்ப அனுமதி கேட்டார். பெரிய தண்டனை இல்லாமல் விட்டதைக் கருணை என்றும் சொல்லலாம். அவர்கள் கேட்ட சமாதானம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊனமுற்ற சிப்பாய்களின் ஓய்வூதியமும் இதே பாதையில் போனது. 1642 முதல் நாடாளுமன்ற வீரர்களுக்கு என்று ஏற்பாடு. 1662 சட்டம் மன்னருக்காகப் போரிட்டவர்களுக்கு அதை மாற்றியது. ஒரே ஊரில் கால் இழந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்தபோது மற்றவருக்கு நின்றது.

தொடரின் அடுத்த பகுதியில் நேஸ்பி, மார்ஸ்டன் மூர் போர்க்கள வரைபடங்களுடன், கவுண்டிக் குழுவின் வசூல் பதிவுகளுக்கும் காலாண்டு நீதிமன்ற மனுக்களுக்கும் இரண்டு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மதுரை