விலை போடும் இடத்தில் மனநல உதவி எண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கஷ்ட காலத்தில் ஊக்கம் குறையாமல் இருப்பது எப்படி என்று போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பெரிய இலக்கு வையுங்கள், நல்லதையே நினையுங்கள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்திருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு காலத்தில் விழுந்து கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனது திடமாகட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்த மாதங்கள்தான் எனக்கு வீணாய்ப் போன மாதங்கள்.

நான் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்துவிட்டு வீட்டு நகையை வங்கியில் வைத்து ஒரு ஏக்கருக்கு நாற்று வாங்கி நட்டேன், குச்சி ஊன்றி, கயிறு கட்டி, சொட்டுநீர் போட்டு, ஒரு குறையும் வைக்காமல் பார்த்தேன். என்னைப் போலவே ராயக்கோட்டை வரைக்கும் பலரும் நட்டார்கள். நட்ட 60, 70 நாளில் பறிப்புக்கு வந்துவிடும் பயிர், அதனால் எல்லார் காயும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்தது, செப்டம்பரில் விலை சரிந்துவிட்டது. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்காது என்று தெரிந்ததும் மீதிப் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டேன். அது அழுகிய வாடை திண்ணை வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் வந்ததுதான், அப்புறம் விடிகிற வரைக்கும் கடன் கணக்கு. சாப்பாடு இறங்காது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுகூட மனைவி தலையில் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் போனில் பொன்மொழிகள் வேறு வந்து விழும். ஒவ்வொன்றையும் படிக்கும்போது, இவ்வளவு பேர் சொல்லியும் நம்மால் முடியவில்லையே, நாம் எதற்கும் லாயக்கில்லை போல என்றுதான் தோன்றியது. சொல்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

என் பெரியப்பா மட்டும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று, "வாடா, தீவனம் அறுத்துட்டு வந்துடலாம்" என்பார். முதல் நாலைந்து நாள் நான் எழுந்திருக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார். ஒரு நாள் அவர் முகத்துக்காகப் போனேன், விருப்பப்பட்டுப் போகவில்லை. அரை மணி நேரம் அறுத்திருப்போம். அன்றைக்கு மதியம் எனக்குப் பசித்தது. பல வாரம் கழித்து வந்த பசி, அதனால்தான் அந்த நாள் இன்னும் நினைவில் நிற்கிறது.

அப்புறம் அவர் சொல்லி இரண்டு பாத்தியில் முளைக்கீரை விதைத்தேன். 25 நாளில் அறுத்துவிடலாம், பெரிய காசு இல்லை, ஆனால் விதைத்தது கைக்கு வந்தது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. வங்கிக்கும் அவர்தான் கூட்டிப் போனார். நகையை ஏலம் போட்டிருப்பார்கள் என்று பயந்து நான் அவர்கள் அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன், போய்க் கேட்டால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

தூக்கம் மட்டும் சரியாகவில்லை. மகள் பிடிவாதமாக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார்கள்: எந்த நேரத்தில் என்ன செய்தேன், அப்போது மனது எப்படி இருந்தது என்று தினமும் எழுதி வர வேண்டும், மறுநாளைக்கு ஒரு சின்ன வேலையை நேரம் குறித்து வைத்து, மனது வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டும். பெரியப்பா செய்ததும் இதைத்தானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இது ஒரு முறையான சிகிச்சைதான், 1970களில் அமெரிக்காவில் பீட்டர் லெவின்சோன் என்ற உளவியல் அறிஞர் இதற்கு அடித்தளம் போட்டார் என்று மகள் பிறகு படித்துச் சொன்னாள். சோர்ந்த மனிதன் வேலையை விடுகிறான், வேலையை விட்டதால் மனதுக்கு ஆறுதலாகக் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன விஷயங்களும் நின்றுபோகின்றன, அதனால் இன்னும் சோர்கிறான். அந்தச் சுற்றை வேலைப் பக்கத்திலிருந்து அறுக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

எங்கள் வீட்டிலும் முதலில் நான் இப்படி முடங்கிக் கிடந்ததைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு ஒருவர் இருந்தால் அது நோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

பயிர் மாறினாலும் கதை மாறவில்லை. 2025 ஜூனில் கிருஷ்ணகிரியில் பழக்கூழ் தயாரிக்கப் போகிற பெங்களூரா மாங்காய் கிலோ 5 ரூபாய் அளவுக்கு இறங்கியபோது, என் மச்சான் மரத்திலேயே காயை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் போய் எதுவும் பேசவில்லை. காலையில் போய், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வா என்று கூப்பிட்டேன். மூன்றாம் நாள் வந்தான். தக்காளியாவது இரண்டு மாதத்தில் மறுபடி போடலாம், மாங்காய்க்காரன் அடுத்த காய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

விலை விழுந்த நஷ்டத்துக்கு அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும், ஊக்கத்தைக் காட்டி அதை மறைத்துவிடக் கூடாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மனசு சரியில்லாதவர்கள் போனில் பேசி உதவி கேட்க டெலி மானஸ் என்று 14416 என்ற அரசாங்க எண் இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்கள் பத்திரிகையில் தற்கொலைச் செய்திக்குக் கீழே மட்டும் உதவி எண்களைப் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். ஒரு உயிர் போன பிறகு வருகிற செய்தி அது. இந்த எண்ணைத் தக்காளி, மாங்காய் விலை போடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் தினமும் பெரிய எழுத்தில் போடுங்கள். பேப்பர் வந்ததும் நாங்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு தக்காளி விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.